பதினோராவது நகர்வு

ஜூலை 20, சனி

தூத்துக்குடியில் வெயிலில் பஸ் ஏறினேன், தென்காசியில் சாரலில் இறங்கினேன். குற்றாலத்தில் சீசன் என்பதால் ஊரில் எந்த லாட்ஜிலும் அறை இல்லை. மாநில மகளிர் சதுரங்கப் போட்டியை இந்த நேரம் பார்த்து இங்கே வைத்ததற்கு ஒரே காரணம், ஆடியில் கல்யாணம் கிடையாது, மண்டபம் சும்மா கிடக்கிறது என்பதுதான்.

அறை கிடைக்காததால் பெனிட்டாவோடு தங்குகிறேன். அவள் ஒரு மாதம் முன்பே பதிவு செய்து வைத்திருந்தாள். நாகர்கோவில்காரி, இருபத்தெட்டு வயது, பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. இரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் கம்ப்யூட்டர் வழியாக இருவரும் சேர்ந்து பயிற்சி செய்கிறோம். போன வருஷம் கல்யாணம் ஆனபின் கொஞ்சம் குறைந்துவிட்டது. "அக்கா, ஜன்னல் பக்கத்துக் கட்டிலை நீங்க எடுத்துக்கோங்க" என்றாள்.

ஒன்பது சுற்று. முதல் இரண்டு இடத்துக்கு வருபவர்கள் தேசியப் போட்டிக்குப் போவார்கள். நான் கடைசியாகப் போய் ஆறு வருஷம் ஆகிறது. எனக்கு முப்பத்தெட்டு.

இந்த முறை கையில் ஒன்று இருக்கிறது. எதிராளி கறுப்புக் காய்களோடு பிரெஞ்சு தடுப்பாட்டம் என்ற தொடக்க முறையை ஆடினால், நடுச் சிப்பாய் ஒன்றைக் கொடுத்துவிட்டு, பதினோராவது நகர்வில் ராஜாவைச் சத்தமில்லாமல் மூலைக்கு ஒதுக்குவேன். ஒன்றும் செய்யாத மாதிரி இருக்கும், அதற்குப் பின்னால்தான் தாக்குதல் கிளம்பும். எட்டு மாத வேலை. பச்சை அட்டை நோட்டில் நாற்பது பக்கம். இதைப் பெனிட்டாவோடு மட்டும்தான் ஆடிப் பார்த்திருக்கிறேன். மே மாதம் ஈரோட்டில் கோடை முகாமில் பேசக் கூப்பிட்டார்கள், அங்கே லேசாகத் தொட்டேன். பள்ளிப் பிள்ளைகள்தான், ரொம்பக் கைதட்டினார்கள்.

ஜூலை 21, ஞாயிறு

முதல் சுற்று. வெற்றி. எதிராளி பிரெஞ்சு ஆடவில்லை. துணி துவைத்துப் போட்டேன், காயவில்லை.

ஜூலை 22, திங்கள்

இரண்டு சுற்று. காலையில் கறுப்புக் காய்களோடு வென்றேன்.

மாலையில் மிருதுளா என்ற கல்லூரிப் பெண். பிரெஞ்சு ஆடினாள். மனசுக்குள் எனக்கு ஒரே சந்தோஷம். சிப்பாயைக் கொடுத்தேன், எடுத்தாள். ராஜாவை மூலைக்கு நகர்த்திவிட்டு, அவள் முகத்தைப் பார்த்தேன். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. ராணியைத் தூக்கி வலது ஓரத்தில் வைத்தாள்.

அதுதான் பதில். அது ஒன்றுதான் பதில். பார்த்தால் முட்டாள்தனமாகத் தெரியும். நானே அதைக் கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆனது.

டிரா. அதற்கே நான் ஐம்பது நகர்வு போராட வேண்டியிருந்தது. வெளியே வந்ததும், எங்கே படித்தாய் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டு, "சும்மா தெரியும் மேடம்" என்றாள்.

அறையில் பெனிட்டா இருந்தாள். என்ன ஆச்சு என்று விசாரித்தாள், நடந்ததைச் சொன்னேன். "ராணி ஓரத்துக்கா? அய்யோ, பாவம்க்கா நீங்க" என்றாள். கொஞ்சம் வேகமாகவே சொன்னாள் என்று இப்போது தோன்றுகிறது.

ஜூலை 23, செவ்வாய்

நான்காவது சுற்றில் வெற்றி. பெனிட்டாவும் வென்றாள். எனக்கு மூன்றரைப் புள்ளி, அவளுக்கும் அதே.

ஒன்றைக் குறித்து வைக்கிறேன். காலையில் நான் கிளம்பும்போது பச்சை நோட்டு பையின் மேலறையில் இருந்தது. திரும்பி வந்தபோது மேஜைமேல் இருந்தது. நானே எடுத்து வைத்திருக்கலாம். எடுத்து வைத்ததாக ஞாபகம் இல்லை.

இன்னொன்று. அவள் போனில் பேசும்போது வராந்தாவுக்குப் போய்விடுகிறாள். நான் கதவருகே வந்தால் குரல் இறங்கிவிடுகிறது. இன்று காதில் விழுந்தது: "திருநெல்வேலியிலதான் இருக்கேன் மாமி. டிரெயினிங் அஞ்சு மணிக்குத்தான் முடியும்."

நாங்கள் இருப்பது தென்காசியில். கொஞ்சமும் தடுமாறாமல் பொய் வருகிறது அவளுக்கு. மாமியாரிடம் அப்படிப் பேசுகிறவள் என்னிடம் எப்படிப் பேசுவாள்?

ஜூலை 24, புதன்

தோற்றேன்.

கோயம்புத்தூர்க்காரி ஒருத்தி. என் வயதுதான், பதினைந்து வருஷமாகத் தெரிந்தவள், பிரெஞ்சு ஆடியதே கிடையாது. இன்று ஆடினாள். பதினோராவது நகர்வு வரைக்கும் கடகடவென்று வந்தாள், நான் ராஜாவை மூலைக்கு நகர்த்தியதும் ராணியை வலது ஓரத்தில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். அதற்கு மேல் என்னால் உட்கார்ந்து ஆட முடியவில்லை.

ஒரு மணி இருக்கும். மண்டபத்து ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். பெனிட்டா ஆட்டத்தைச் சீக்கிரம் முடித்துவிட்டுத் தகரக் கொட்டகைக்குக் கீழே நின்று போன் பேசிக்கொண்டிருந்தாள். பேசிக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தாள். என் பலகை இருக்கும் பக்கம்.

மாலையில் அவள் குளிக்கப் போனபோது அவளுடைய பையைத் திறந்தேன். எழுதுவதற்கு நன்றாகத்தான் இல்லை. ஆனால் வேறு வழி எனக்குத் தெரியவில்லை. ஒரு சுரிதார், தலைவலித் தைலம், பைபிள், அவளுடைய ஆட்டக் குறிப்பேடு. அதில் என் ஓப்பனிங் பற்றி ஒரு வரிகூட இல்லை. இரண்டு வருஷம் கூட ஆடியவள் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை என்றால் அது இயல்பா? இங்கே கொண்டுவராமல் வேறெங்கோ வைத்திருக்கிறாள்.

நோட்டுக்குள் பத்தாம் பக்கத்தில் ஒரு நூல் வைத்துவிட்டுக் கீழே சாப்பிடப் போனேன். பரோட்டா நன்றாக இருந்தது. வந்து பார்த்தால் நூல் தரையில் கிடந்தது. மின்விசிறி ஐந்தாம் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அறையைப் பெருக்குகிற அம்மா வந்துபோனதாகப் பெனிட்டா சொன்னாள். நான் ஒன்றுமே கேட்காதபோது எதற்குச் சொல்கிறாள்?

வீட்டுக்காரர் ஜெயபாலிடம் போனில் சொன்னேன். "கோச் விஷயத்துலயும் இப்படித்தானே ஆரம்பிச்ச" என்றார். அது வேறு விஷயம். அந்த மனிதர் உண்மையிலேயே என் ஆட்டங்களை மற்றவர்களுக்குக் கொடுத்தார். நிரூபிக்க முடியவில்லை, அவ்வளவுதான். அதற்கும் முன்னால் என்னோடு சேர்ந்து பயிற்சி செய்த வசுமதியிடம் நான் பேச்சை நிறுத்திக்கொண்டதையும் இழுத்தார். போனை வைத்துவிட்டேன்.

ஜூலை 25, வியாழன்

காலையில் டிரா.

மாலை ஏழாவது சுற்றுக்கு முன் ஒரு சோதனை வைத்தேன். இருபது வருஷமாக நான் ராஜாவுக்கு முன்னால் உள்ள சிப்பாயைத்தான் முதலில் நகர்த்துவேன், அது எல்லோருக்கும் தெரியும். இன்று ராணிக்கு முன்னால் உள்ளதை நகர்த்தப் போகிறேன் என்று பெனிட்டாவிடம் மட்டும் சொன்னேன். அவள் பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். தலையை ஆட்டினாள்.

அப்படியே ஆடினேன். எதிராளி ஒரு விநாடிகூடத் தயங்கவில்லை. முதல் நகர்வுக்கே பதில் தயாராக இருந்தது. எனக்கு அது போதும்.

டிராவில் முடிந்தது. நேராகத் தலைமை நடுவர் பலவேசம் சாரிடம் போனேன். வாயால் சொன்னால் எடுத்துக்கொள்ள முடியாது, எழுதிக் கொடுங்கள் என்றார். ஒரு பக்கம் எழுதினேன். ஆட்டம் நடக்கும்போது போன் பேசியது, ஜன்னல் வழியாகப் பார்த்தது, என் தயாரிப்பு மற்றவர்களுக்குப் போனது, திருநெல்வேலி என்று பொய் சொன்னது, எல்லாவற்றையும் எழுதினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "அம்மா, நிச்சயமாத் தெரியுமா? இது ஒரு பொண்ணோட பேர் சம்பந்தப்பட்டது" என்று கேட்டார். தெரியும் என்றேன். யார் கொடுத்தது என்று வெளியே சொல்லமாட்டோம் என்றார்.

மனசு லேசாகத்தான் இருக்கிறது.

ஜூலை 26, வெள்ளி

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

எட்டாவது சுற்றுக்கு ஒரு மணி நேரம் முன்பு பெனிட்டாவை நடுவர் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார்கள். அரை மணி கழித்து வந்து பலகையில் உட்கார்ந்தாள். நகர்வுத் தாளில் அவள் எழுதிய எழுத்தெல்லாம் கோணல் என்று பக்கத்துப் பலகைக்காரி பிறகு சொன்னாள். இருந்தும் டிரா எடுத்தாள். நான் வென்றேன். அவளுக்கு ஆறு புள்ளி, எனக்கு ஐந்தரை. ஏழரைப் புள்ளியோடு ஒருத்தி முதலிடத்தை உறுதி செய்துவிட்டாள். மிச்சம் இருப்பது இரண்டாம் இடம் மட்டும்.

ஆட்டம் முடிந்து மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் காபி குடிக்கும்போது மிருதுளா பக்கத்தில் வந்து நின்றாள். ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். "உங்க வீடியோவைப் பார்த்துத்தான் மேடம் பிரெஞ்சே கத்துக்கிட்டேன்" என்றாள். எந்த வீடியோ என்றேன். போனை எடுத்துக் காட்டினாள்.

ஈரோடு முகாம். முழுசாகப் படம் பிடித்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள். நாற்பது நிமிஷம். நீலப் புடவையில் நான். சிப்பாயைக் கொடுக்கிறேன், ராஜாவை மூலைக்கு நகர்த்துகிறேன், பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். பிறகு ஒரு சிறுமி கேட்கிறாள், இதற்குப் பதிலே கிடையாதா என்று. நான் சிரித்துக்கொண்டு சொல்கிறேன்: "ஒண்ணே ஒண்ணு இருக்கு. ராணியை இந்த ஓரத்துல வைக்கணும். ஆனா யாருக்கும் தோணாது."

நாலாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள்.

காபியை அப்படியே வைத்துவிட்டு வந்தேன். லேசாகத் தொட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஆனாலும் போன் பேசியது பேசியதுதானே? ஜன்னல் வழியாகப் பார்த்ததும் உண்மைதானே?

மாலையில் அறையில் பெனிட்டா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது. அவளாகவே சொன்னாள். கல்யாணத்துக்குப் பிறகு போட்டிக்கெல்லாம் போகக்கூடாது என்று மாமியார் சொல்லிவிட்டார்களாம். புருஷனும் ஆமாம் போட்டுவிட்டான். ஆசிரியர் பயிற்சி என்று பொய் சொல்லித்தான் வந்திருக்கிறாள். தினமும் மதியம் ஒரு மணிக்குப் போன் பண்ணியாக வேண்டும். அதனால்தான் புதன்கிழமை ஆட்டத்தைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு ஓடியிருக்கிறாள்.

"யாரோ எழுதிக் கொடுத்திருக்காங்கக்கா. நான் அடிக்கடி பேசின நம்பர் யாருதுன்னு கேட்டாங்க. மாமியோடதுன்னு சொன்னேன், நம்பலை. அங்கேயே வச்சு அந்த நம்பருக்குப் போட்டுக் கேட்டாங்க. தென்காசியில செஸ் போட்டியிலிருந்து பேசறோம்னு சொல்லிட்டாங்க."

பிறகு அவர்களே மன்னிப்புக் கேட்டார்களாம். அவள்மேல் தப்பு இல்லை, தொடர்ந்து ஆடலாம் என்று எழுதியும் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் வீட்டில் தெரிந்துபோனது போனதுதான்.

என்னை நேராகப் பார்த்தாள். "யாரா இருக்கும்க்கா?"

தெரியவில்லையே என்றேன். கவலைப்படாதே என்றும் சொன்னேன். தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். வாங்கிக் குடித்தாள்.

நாளைக்குக் கடைசிச் சுற்று. ஜோடிப் பட்டியல் ஒட்டிவிட்டார்கள். வெள்ளை நான், கறுப்பு பெனிட்டா. டிரா எடுத்தாலே அவள் போய்விடுவாள். நான் ஜெயித்தாக வேண்டும்.

இப்போது சொன்னால் அவள் ஆட்டம் குலைந்துவிடும். அதற்காகத்தான் சொல்கிறேன் என்று நினைப்பாள். அதனால் சொல்லாமல் இருப்பதே அவளுக்கு நல்லது. இதை இரண்டு தடவை எழுதி, ஒன்றை அடித்துவிட்டேன்.

ஜூலை 27, சனி

ராஜாவுக்கு முன்னால் உள்ள சிப்பாயை நகர்த்தினேன். அவள் பிரெஞ்சு ஆடினாள்.

வேறெதையாவது ஆடுவாள் என்று நினைத்திருந்தேன். நானும் விலகியிருக்கலாம். விலகவில்லை. சிப்பாயைக் கொடுத்தேன், எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எத்தனை முறை இதே நிலைக்கு வந்திருப்போம், இந்த இடத்தில் பெரும்பாலும் அவள் சிரித்துவிடுவாள். இன்று பலகையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பதினோராவது நகர்வு. ராஜாவை மூலைக்கு நகர்த்திவிட்டுக் கடிகாரத்தை அழுத்தினேன்.

ராணியை ஓரத்தில் வைப்பாள் என்று காத்திருந்தேன். மண்டபத்தில் பாதிப்பேருக்கு இப்போது அது தெரியும். பின்னால் மிருதுளா வந்து நின்றாள், கோயம்புத்தூர்க்காரியும் வந்தாள். பெனிட்டா முப்பத்தைந்து நிமிஷம் யோசித்தாள். ஒரு தடவை கை ராணிவரைக்கும் போய்த் திரும்பியது. கடைசியில் ராணியை எடுத்தாள். ஓரத்துக்குக் கொண்டு போகவில்லை. என் இரண்டாவது சிப்பாயைச் சாப்பிட்டாள்.

அந்தச் சிப்பாய் விஷம். அது அவளுக்குத் தெரியாதா? அப்போது எனக்கு வந்த எண்ணத்தையும் எழுதிவிடுகிறேன். இதில் என்ன சூது வைத்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். இருபது நிமிஷம் சூதைத் தேடினேன். இல்லை. என் யானையை நடுவில் கொண்டு வந்தேன், குதிரையை உள்ளே இறக்கினேன். இருபத்தெட்டாவது நகர்வில் அவள் தோல்வியை ஒப்புக்கொண்டு கையை நீட்டினாள்.

இரண்டாம் இடம் எனக்கு. கோப்பை வாங்கும்போது கைதட்டினார்கள். அவளும் தட்டினாள்.

அறைக்கு வந்தேன். அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்திவிட்டு, அந்தக் கம்ப்ளெயிண்ட்டை எழுதியது நான்தான் என்றேன்.

பெட்டியின் ஜிப்பை மூடிவிட்டு நிமிர்ந்தாள். "தெரியும். பேரை மடிச்சு மறைச்சுட்டுப் பேப்பரைக் காட்டினாங்க. ரெண்டு வருஷமா நீங்க படம் எடுத்து அனுப்பற குறிப்புல உங்க கையெழுத்தைப் பார்க்கறேன்."

நேற்றுக் காலையிலேயே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நேற்று மாலை, யாராக இருக்கும் என்று என்னிடம் கேட்டபோது தெரிந்தேதான் கேட்டிருக்கிறாள்.

"நீங்களே சொல்லிடுவீங்கன்னு நினைச்சேன்" என்றாள். "தண்ணி ஊத்திக் கொடுத்தீங்க."

ராணியை ஏன் ஓரத்தில் வைக்கவில்லை, இங்கே எல்லோருக்கும் தெரியுமே என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

"மத்தவங்களுக்கு எப்படித் தெரியுமோ தெரியாது. எனக்கு அது நீங்க நம்பிச் சொன்னது. அதை வச்சு உங்களை ஜெயிச்சா, அந்தப் பேப்பர்ல எழுதியிருந்தது உண்மையாயிடும்."

நாகர்கோவில் பஸ் நாலரைக்கு. பெட்டியைத் தூக்க நான் போனபோது அவளே தூக்கிக்கொண்டாள்.

ஜூலை 28, ஞாயிறு

தூத்துக்குடி. ஜெயபால் கோப்பையை டிவி மேல் வைத்தார். எடுத்துவிடச் சொன்னேன்.

ஜூலை 31, புதன்

மீன் குழம்பு. அலுவலகத்தில் வாழ்த்துச் சொன்னார்கள்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

பயிற்சி நேரம். பழக்கத்தில் கம்ப்யூட்டரைத் திறந்து பத்து மணிவரை உட்கார்ந்திருந்தேன். பிறகு ஜெயபாலிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பையைத் திறந்து பார்த்தது உட்பட. அவர் திட்டவில்லை. பழைய கோச் இப்போது எங்கே இருக்கிறார் என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன். வசுமதி? தெரியாது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

மாநிலச் சதுரங்கச் சங்கத்துக்குக் கடிதம் எழுதினேன். புகாரில் நான் கண்ணால் கண்டது போன் பேசியது மட்டும், மற்றதெல்லாம் என் ஊகம், ஆட்டத்தை வெளியே சொன்னது நானேதான், வீடியோ இன்னது என்று எழுதினேன். அந்தப் பெண் வீட்டுக்குப் போன் போனதற்கும் நானே காரணம் என்று சேர்த்தேன். தபாலில் போடுவதற்கு முன் பலவேசம் சாரிடம் போனில் படித்துக் காட்டினேன். பொய்ப் புகாருக்கு ஒரு வருஷத் தடை உண்டு, யாரும் கேட்காதபோது ஏன் அனுப்புகிறீர்கள், யோசித்துக்கொள்ளுங்கள் என்றார். இனி யோசித்தால் அனுப்பமாட்டேன் என்றேன்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

பதில் வந்துவிட்டது. ஒரு வருஷத் தடை. தேசியப் போட்டிக்கு எனக்குப் பதிலாக மூன்றாம் இடத்தில் உள்ளவர்.

மூன்றாம் இடம் பெனிட்டா.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

அவளே கூப்பிட்டாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. வீட்டில் இரண்டு வாரம் யாரும் பேசவில்லையாம். இப்போது புருஷன் மட்டும் பேசுகிறான். தேசியப் போட்டிக்குப் போகிறேன் என்று இந்த முறை நேராகவே சொல்லிவிட்டாளாம். மாமியார் எழுந்து உள்ளே போய்விட்டார்களாம்.

பச்சை நோட்டை அனுப்பி வைக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள்.

"ஒண்ணு மட்டும் சொல்லணும் மேடம். அந்த இடத்தை நீங்க எனக்குக் கொடுத்ததா நினைச்சுக்காதீங்க. எட்டு ரவுண்டு நான் ஆடி வந்த இடம் அது."

சரி என்றேன். மேடம் என்று இதற்கு முன் அவள் என்னைக் கூப்பிட்டதில்லை.

செப்டம்பர் 14, சனி

தேசியப் போட்டி தொடங்கியது. ஆட்டங்களை இணையத்தில் நேரடியாகக் காட்டுகிறார்கள். அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

பெனிட்டாவுக்கு வெள்ளை. ஓர் ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் மட்டும் நகர்த்தித் தொடங்கினாள். இரண்டு வருஷத்தில் அவள் ஒரு தடவைகூட அப்படித் தொடங்கியதில்லை. என்னிடம் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள் என்று யோசிக்க ஆரம்பித்தேன், உடனே எழுந்து போய் உலையில் அரிசி போட்டுவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது ஒன்பது நகர்வு ஆகியிருந்தது. குதிரைகள் எங்கெங்கோ நின்றன. எதிராளி நேரத்தைத் தின்றுகொண்டிருந்தாள். பெனிட்டா என்ன நினைக்கிறாள் என்று எனக்குப் பிடிபடவே இல்லை. சாதம் குழைந்துவிட்டது. உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.